தோல் புற்றை அகற்றிய இடத்தில் செயற்கைத் தோல் சாரம்: முதல் பயாப்ஸி முதல் ஒட்டுத்தோல் வரை

கொத்தனார் கட்டும் சாரத்தில் ஆட்கள் ஏறி நின்று சுவரை எழுப்புவதைப் போல, தோல் புற்றை அகற்றிய புண்ணில் வைக்கும் செயற்கைத் தோல் சாரம் என்ற பஞ்சு போன்ற தாளின் நுண்துளைகளுக்குள் நோயாளியின் சொந்த உயிரணுக்களும் இரத்த நுண்குழாய்களும் ஏறிப் புதிய உள்தோலைக் கட்டுகின்றன. வேலை முடிந்தபின் சாரம் மெல்லக் கரைந்துவிடுகிறது. அதன் மேல் மெல்லிய ஒட்டுத்தோலை (நோயாளியின் உடலில் வேறிடத்திலிருந்து சீவி எடுத்த தோலை) வைத்தால் புண் மூடப்படுகிறது. சொல்வதற்கு இவ்வளவுதான்.

வட சென்னையில் காசிமேடு, எண்ணூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை ஆகிய பகுதிகளிலிருந்து வரும் நோயாளிகளுக்கு இதைச் செய்துவரும் அறுவை மருத்துவன் என்ற முறையிலும், ஆண்டுதோறும் புதிதாகச் சேரும் பட்டமேற்படிப்பு மருத்துவர்களும் கட்டு மாற்றும் செவிலியர்களும் ஏறக்குறைய அதே இடங்களில் தடுமாறுவதைக் கண்டவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன். சாரம் நமக்கு மூன்று வாரமோ அதற்கும் மேலோ அவகாசம் வாங்கித் தருகிறது. அந்த அவகாசத்துக்குள் செய்ய வேண்டியவற்றை வரிசை மாற்றிச் செய்வதால் கெட்ட புண்களையே, கை நுணுக்கம் போதாமல் கெட்ட புண்களைவிட அதிகமாகப் பார்த்திருக்கிறேன்.

1. எந்தப் புண்ணுக்குச் சாரம் வேண்டும்

கட்டியை வெட்டியெடுத்த இடத்தில் நல்ல இரத்த ஓட்டமுள்ள தசையோ கொழுப்போ மட்டும் தெரிந்தால், வழக்கமான ஒட்டுத்தோலே போதும். அங்கே சாரம் வைப்பது நோயாளியின் பணத்தையும் மூன்று வார காலத்தையும் வீணாக்குவதாகும்.

சாரத்துக்கு உண்மையான தேவை எழும் இடங்கள் சில. மேலுறை உரிந்த தசைநாணோ எலும்புறை போன எலும்போ சிறிய அளவில் வெளியே தெரியும் இடம் ஒன்று. அங்கே வெறும் ஒட்டுத்தோல் பிடிக்காது. புறங்கை, கணுக்கால் போன்ற மூட்டுப் பகுதிகளில் மெல்லிய ஒட்டுத்தோல் சுருங்கி அசைவைக் கட்டிப்போடும் என்பதால், அடியில் ஓர் உள்தோல் தேவைப்படுவது மற்றொன்று. நீண்ட நேர மயக்கத்தைத் தாங்க முடியாத முதியவருக்கு ஃபிளாப் அறுவைக்கு (இரத்தக் குழாயோடு கூடிய திசுவைத் திருப்பி மூடுவதற்கு) மாற்றாக வைப்பதும் உண்டு. கட்டியின் விளிம்பு முழுமையாக நீங்கியதா என்று உறுதியாகத் தெரியாத இடம் எல்லாவற்றிலும் முக்கியமானது. அதற்குத் தனிப் பகுதியே ஒதுக்கியிருக்கிறேன்.

சீழ் உள்ள புண்ணிலும், இரத்த ஓட்டம் குன்றிய காலிலும், திறந்த மூட்டின் மேலும், பெரிய இரத்தக் குழாய் தெரியும் இடத்திலும் சாரம் வைக்கக் கூடாது. முன்பே கதிர்வீச்சு பெற்ற தோலில் நுண்குழாய்கள் முளைப்பது மந்தமாக இருப்பதால் அங்கே ஃபிளாப்பைத்தான் முதலில் எண்ண வேண்டும். அறுவைக்குப் பின் கதிர்வீச்சு கட்டாயம் என்று தெரிந்தால், இரண்டு கட்டங்களாக நீளும் இந்த முறை அந்தச் சிகிச்சையைத் தாமதப்படுத்துமா என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

2. கத்தியை எடுப்பதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

பயாப்ஸி (திசுத் துணுக்குச் சோதனை) முடிவு முதலில் வேண்டும். பழைய தீக்காயத் தழும்பில் ஆறாமல் கிடக்கும் புண்ணில் உருவாகும் மார்ஜோலின் புற்று நம் பகுதியில் அடிக்கடி வருகிறது. ஸ்டவ் வெடித்துப் பல ஆண்டுகளுக்கு முன் வெந்த காலில், இப்போது காலிஃபிளவர் போல விளிம்பு தடித்த புண்ணோடு வருவார்கள். இத்தகைய புண்ணில் ஒரே இடத்தில் எடுத்த துணுக்கு வெறும் அழற்சி என்று திரும்பி வந்துவிடும். எனவே, தடித்த விளிம்பில் பல இடங்களிலிருந்து, போதிய ஆழத்தோடு எடுக்க வேண்டும்.

அடுத்தது சர்க்கரை. எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) அளவையும் ஆல்புமின் (இரத்தப் புரதம்) அளவையும் பார்க்காமல் தேதி குறிக்கக் கூடாது, ஏனெனில் நோயாளியின் உடல் சாரத்துக்குள் புதிதாகத் திசுவைக் கட்ட வேண்டும். சரக்கு இல்லாமல் கட்டடம் எழும்பாது. பீடி, சிகரெட், ஹான்ஸ் எதுவானாலும் நான்கு வாரங்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்லுங்கள். காலில் புண் என்றால் கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக் குறித்து வையுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளை நிறுத்துவதா தொடர்வதா என்பதை இதய மருத்துவரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நோயாளியே நிறுத்திக்கொண்டு வருவதும், நாம் கேட்க மறப்பதும் ஒரே அளவு ஆபத்தானவை.

மூன்றாவதாக, சாரம் எதனால் ஆனது என்பதை நோயாளிக்குச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். இதைப் புதியவர்கள் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். இன்டெக்ரா என்ற வணிகப் பெயருள்ள சாரத்தின் கீழடுக்கு மாட்டுத் தசைநாணிலிருந்து எடுத்த கொலாஜன் என்ற புரதமும் சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த காண்ட்ராய்டினும் கலந்தது, மேலடுக்கு சிலிகோன். மேட்ரிடெர்ம் மாட்டுக் கொலாஜனும் எலாஸ்டினும் சேர்ந்தது. பன்றியின் கொலாஜனில் செய்த சாரங்களும் உண்டு. நோவோசார்ப் பிடிஎம் மட்டும் விலங்குப் பொருள் எதுவும் இல்லாத 2 மி.மீ. தடிமனுள்ள பாலியுரிதேன் நுரை. சௌகார்பேட்டைச் சமணக் குடும்பத்துக்கும் மண்ணடி முஸ்லிம் குடும்பத்துக்கும் இந்த விவரம் அறுவைக்குப் பிறகு வேறு யார் வாயிலாகவோ தெரியவந்தால், நம் மேல் அவர்களுக்கு இருக்கும் நம்பிக்கை போய்விடும். சுறா என்று நான் சொன்னதும் காசிமேட்டுப் பெரியவர் ஒருவர், “நாப்பது வருசமா நான் அத்த புட்ச்சேன் டாக்டரு, இப்ப அது என்னிய புட்ச்சிகிச்சி” என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். எல்லாரும் அப்படிச் சிரிப்பார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது. மாட்டுக் கொலாஜனுக்கு ஒவ்வாமை உண்டா என்று கேட்பதும் இதே உரையாடலில் முடிந்துவிடும்.

நான்காவது, சாரத் தாளின் அளவு. கட்டியின் அகலத்தை அளந்து தாளுக்கு ஆர்டர் கொடுப்பதுதான் நான் ஆண்டுதோறும் பார்க்கும் பிழை. கட்டி 5 செ.மீ., சுற்றிலும் 2 செ.மீ. நல்ல தோல் என்றால் வெட்டும் அகலமே 9 செ.மீ.; தோலை வெட்டியவுடன் விளிம்புகள் பின்வாங்கிப் புண் 10 செ.மீ.யைத் தாண்டும். 10-க்கு 12.5 செ.மீ. தாளை நம்பி உள்ளே போனால் ஓர் ஓரம் மூடாமல் நிற்கும். பயிற்சிக் காலத்தில் நானே இப்படி இரண்டு விரல் அகலத்துக்குத் தாள் போதாமல் விழித்திருக்கிறேன். மூடாத அந்த ஓரம்தான் பிறகு சீழ் பிடித்தது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், தாளின் அளவையும் காரணத்தையும் குறிப்பிட்டு முன் அனுமதிக் கோரிக்கையை அறுவைத் தேதி குறிப்பதற்கு முன்பே அனுப்புங்கள். அனுமதி வரட்டும் என்று காத்திருக்கும் நாட்களில் சர்க்கரையைச் சரிசெய்து முடித்துவிடலாம்.

3. கட்டியை எடுக்கும்போதே புண்ணைத் தயார் செய்தல்

எவ்வளவு நல்ல தோலைச் சேர்த்து வெட்டுவது என்பதைக் கட்டியின் வகைதான் தீர்மானிக்கிறது. மூடுவதற்கு எளிதாக இருக்கும் என்று யாரும் அதைக் குறைக்கக் கூடாது. சிறிய, அபாயம் குறைந்த அடித்தள உயிரணுப் புற்றுக்கு 4 மி.மீ., அபாயம் குறைந்த செதிள் உயிரணுப் புற்றுக்கு 4 முதல் 6 மி.மீ., 2 மி.மீ.க்கு மேல் ஆழமுள்ள மெலனோமா என்ற நிறமி உயிரணுப் புற்றுக்கு 2 செ.மீ., மார்ஜோலின் புற்றுக்குக் குறைந்தது 2 செ.மீ. என்பவை நடைமுறை அளவுகள். சாரம் கையில் இருப்பதன் பெரிய பயனே, மூடுவதைப் பற்றிக் கவலைப்படாமல் வெட்டலாம் என்பதுதான்.

வெட்டியெடுத்த திசுவை மேசையில் வைப்பதற்கு முன், அது நோயாளியின் உடலோடு ஒட்டியிருக்கும்போதே திசைக்குறித் தையல் போடுங்கள்: மேல்பக்கம் குட்டைத் தையல், வெளிப்பக்கம் நெட்டைத் தையல். ஆழ்பக்கத்தைத் தனியாகக் குறியுங்கள். எந்தப் பக்கத்தில் கட்டி மிஞ்சியது என்று பெத்தாலஜி மருத்துவர் சொல்வதற்கு இந்தத் தையல்தான் வழி. இந்தக் குறிகளைக் காட்டி வரைந்த படத்தின் நகல் ஒன்று நோயாளியின் கோப்பிலும் இருக்கட்டும். திசு போத்தலோடு போன தாள் திரும்பி வராது.

கட்டி வெளியே போனபின் கையுறை, கருவிகள், விரிப்புத் துணி எல்லாவற்றையும் மாற்றுங்கள். கட்டியைத் தொட்ட கத்தியால் இன்னோர் இடத்தைத் தொட்டால் அங்கேயும் புற்று உயிரணுக்கள் ஒட்டிக்கொள்ளக்கூடும்.

மண்டையோட்டில் எலும்புறை போய்விட்டால், வெளித்தட்டைப் பர் என்ற சுழல் கருவி கொண்டு, புள்ளிப்புள்ளியாக இரத்தம் கசியும்வரை செதுக்க வேண்டும். நீர் ஊற்றிக்கொண்டே செதுக்குங்கள், ஏனெனில் சூடேறிய எலும்பு செத்துப்போகும். வெள்ளையாக, காய்ந்து கிடக்கும் எலும்பின் மேல் எந்தச் சாரமும் உயிர் பெறாது. அந்தச் சிவப்புப் புள்ளிகள்தான் சாரத்துக்கு உணவு.

4. விளிம்பு அறிக்கைக்குக் காத்திருத்தல்

புதியவர்கள் வரிசை தவறும் இடம் இதுதான். வெட்டிய அன்றே மூடிவிட வேண்டும் என்ற உந்துதல் அறுவை மருத்துவருக்கு இயல்பானது. நோயாளியின் உறவினரும் அதைத்தான் கேட்பார்கள்: “திறந்த புண்ணோடவா டாக்டர் வார்டுக்கு அனுப்புறீங்க?” அந்த உந்துதலில் அன்றே பெரிய ஃபிளாப்பைத் திருப்பி மூடிவிட்டு, ஒரு வாரம் கழித்து ஆழ்விளிம்பில் கட்டி இருக்கிறது என்று அறிக்கை வந்தால், எந்த இடத்தைத் திறப்பது? திசுக்கள் இடம் மாறிவிட்டன. கட்டி மிஞ்சிய மூலை ஃபிளாப்பின் அடியில் எங்கோ போயிற்று.

திசுவை உறையவைத்து உடனே பார்க்கும் உறைநிலைச் சோதனையில் அரை மணி நேரத்தில் விடை கிடைக்கும் என்பதால், செதிள் உயிரணுப் புற்றுக்கும் அடித்தள உயிரணுப் புற்றுக்கும் அதை அறுவை அரங்கிலிருந்தே கேட்கலாம். ஆனால் மெலனோமாவுக்கும், வேர் விட்டதுபோல் பரவும் டெர்மட்டோஃபைப்ரோசார்கோமா என்ற உள்தோல் புற்றுக்கும் அதை நம்பித் தீர்மானம் செய்யக் கூடாது. மெழுகில் பதித்து மெதுவாகப் பார்க்கும் சோதனையே வேண்டும். அது வர ஒரு வாரமோ அதற்கும் மேலோ ஆகும்.

இந்த இடைவெளிக்கு இரண்டு வழிகள் உண்டு. புண்ணைச் சாதாரண ஈரக் கட்டிலோ வேக் (காற்றை உறிஞ்சி அழுத்திப் பிடிக்கும்) கட்டிலோ வைத்திருந்து, விளிம்பு சுத்தம் என்று அறிக்கை வந்தபின் சாரம் வைப்பது முதல் வழி. அன்றே சாரத்தை வைத்து, அறிக்கை வருவதற்குள் அது வளரத் தொடங்கட்டும் என்று விடுவது இரண்டாவது. சாரம் திசுக்களை இடம் மாற்றுவதில்லை. கடிகார முகப்பின்படி 3 மணி திசையில் கட்டி மிஞ்சியது என்று வந்தால், அந்த 3 மணி இடம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அந்தப் பகுதியை மட்டும் சாரத்தோடு சேர்த்து வெட்டியெடுத்துப் புதுத் துண்டு வைக்கலாம்.

என் தீர்ப்பு இது. விளிம்பு ஐயத்துக்கு உரியது என்று கட்டியைப் பார்த்தவுடனே தோன்றினால், சாரத்தின் விலையை நினைத்து முதல் வழியைத் தேர்ந்தெடுங்கள். எலும்போ தசைநாணோ திறந்திருந்தால் ஒரு வாரத்தில் அது காய்ந்து செத்துவிடும் என்பதால் இரண்டாவது வழிதான் சரி. எந்த வழியானாலும் எழுத்தில் அறிக்கை வராமல் ஒட்டுத்தோல் வைக்கும் இரண்டாம் கட்டத்துக்குத் தேதி தராதீர்கள். தொலைபேசியில் கேட்ட “கிளியர்” அறிக்கை ஆகாது. ஒருமுறை அடுத்த படுக்கை நோயாளியின் முடிவை எனக்கு வாசித்துவிட்டார்கள்.

5. இரத்தக் கசிவை நிறுத்துதல்

சாரம் பிடிக்காமல் போவதற்கு முதன்மையான இரண்டு காரணங்கள், அடியில் தேங்கும் இரத்தமும் நோய்த்தொற்றும். ஒரு சொட்டு இரத்தம்கூடச் சாரத்தைப் புண்ணிலிருந்து தூக்கிவிடும்; தொடாத இடத்தில் நுண்குழாய் ஏறாது; தேங்கிய இரத்தத்தில் கிருமி வளரும். முதல் காரணம் இரண்டாவதைக் கையைப் பிடித்து அழைத்து வருகிறது.

பைபோலார் மின்கருவியால் கசியும் ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியாக நிறுத்துங்கள். பரப்பு முழுவதையும் கருக்கிவிட்டால் அடிப்பரப்பே செத்த திசுவாகிவிடும். அட்ரினலின் கலந்த சலைனில் நனைத்த துணியை வைத்து அழுத்திவிட்டு, துணியை எடுத்து, பத்து நிமிடம் சும்மா பாருங்கள். அட்ரினலின் குழாய்களைச் சுருக்கி மறைத்திருக்கும். அதன் வேகம் தணிந்தபின் எங்கே மீண்டும் கசிகிறதோ அதுதான் உண்மையான கசிவு. மயக்க மருத்துவர் நோயாளியின் இரத்த அழுத்தத்தை வழக்கமான அளவுக்குக் கொண்டுவந்தபின் இன்னொரு முறை பாருங்கள்.

6. சாரத்தை வைத்தல்

உறையைத் திறந்ததும் தயாரிப்பாளர் குறிப்பின்படி சலைனில் அலசுங்கள். கொலாஜன் சாரத்தை விரலால் கசக்கவோ, சாமணத்தால் பலமாகப் பிடிக்கவோ கூடாது. துளைகள் நசுங்கினால் உயிரணு ஏறும் படிகள் உடைந்துபோகும்.

எந்தப் பக்கம் கீழே? இன்டெக்ராவில் சிலிகோன் அடுக்கில் கறுப்பு நூல்கள் ஓடும். கறுப்பு நூல் நம் பக்கம் தெரிய வேண்டும், கொலாஜன் புண்ணின் பக்கம். நோவோசார்ப் பிடிஎம்மில் நுரைப் பக்கம் கீழே, படலம் மேலே. தலைகீழாக வைத்த ஒரு தாளை ஐந்தாம் நாள் கட்டு மாற்றும்போதுதான் நாங்கள் கண்டுபிடித்தோம்; அதைத் தூக்கி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. இப்போது வைப்பவரும் உதவி செய்பவரும் “கறுப்பு மேலே” என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே முதல் ஸ்டேப்ளர் பின் அடிப்பது எங்கள் வழக்கம்.

புண்ணின் வடிவத்துக்கு வெட்டுங்கள். விளிம்பு தோலின் விளிம்பைச் சரியாகத் தொட வேண்டும். நல்ல தோலின் மேல் ஏறினால் அடியில் ஈரம் தேங்கும், இடைவெளி விட்டால் அங்கே சதை முளைத்துத் தழும்பாகும். இழுத்துப் பிடித்துப் பொருத்தக் கூடாது, ஏனெனில் இழுத்த தாள் பள்ளத்தின் மேல் கூடாரம் போல நிற்கும். குழிவான இடத்தில் நடுவிலும் சில தையல்கள் போட்டு அடியோடு படியச் செய்யுங்கள். ஈரத் துணியுருளையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றிவிட்டு, ஸ்டேப்ளர் பின்னாலோ தையலாலோ ஓரத்தைப் பிடித்து நிறுத்துங்கள். எத்தனை பின் அடித்தீர்கள் என்று எண்ணிக் குறியுங்கள். இரண்டாம் கட்டத்தில் அத்தனையையும் எடுக்க வேண்டும்.

7. முதல் கட்டு

நீர் வடியும் என்று எதிர்பார்க்கும் புண்ணில் மேலடுக்கில் சிறு துளைகள் இட்டு, இடையில் ஒட்டாத வலையை வைத்து, வேக் கட்டுப் போடலாம். அது தாளை அடியோடு அழுத்திப் பிடிக்கிறது, கசியும் நீரை உறிஞ்சுகிறது. வேக் இல்லாத இடத்தில் வெள்ளிக் கட்டும் பஞ்சு மெத்தையும் அழுத்தக் கட்டும் போதும். நுண்வெள்ளிக் கட்டைச் சலைனில் நனைக்காதீர்கள். சலைனின் குளோரைடு வெள்ளியைப் பிடித்துவைத்துவிடும் என்பதால் தொற்றுநீக்கிய வெறும் நீரைப் பயன்படுத்துங்கள்.

மூட்டுக்கு மேலான புண்ணானால் பிளாஸ்டர் தகடு கட்டாயம். நோயாளி கையை அசைத்தால் சாரம் வழுகும், வழுகினால் முளைத்த நுண்குழாய்கள் அறுந்துபோகும்.

8. காத்திருக்கும் வாரங்கள்

கொலாஜன் சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று வாரம், பாலியுரிதேன் நுரைக்குப் பெரும்பாலும் அதைவிடக் கூடுதல் காலம் வேண்டும். இந்தக் காலத்தில் ஒன்றும் நடக்காததுபோல் தோன்றும். எல்லாம் அடியில் நடக்கிறது. செவிலியரின் கண்தான் இங்கே மருத்துவரின் கையைவிட முக்கியம், எனவே நிறத்தைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள்.

ஒளிபுகும் சிலிகோன் வழியாகக் கொலாஜன் சாரம் முதல் நாட்களில் சிவப்பாகத் தெரியும், பிறகு இளஞ்சிவப்பாக வெளுக்கும், மூன்றாம் வாரத்தில் வெளிர்மஞ்சள் கலந்த சதை நிறத்துக்கு வரும். இந்த மஞ்சளைச் சீழ் என்று எண்ணித் தாளையே உரித்துவிட்ட பயிற்சி மருத்துவர் ஒருவரை எனக்குத் தெரியும். பாலியுரிதேன் நுரையில் விரலால் அழுத்தினால் வெளுத்து, விட்டால் உடனே சிவப்பு திரும்புவதுதான் அடையாளம்.

கவலைப்பட வேண்டிய நிறங்கள் வேறு. நிறம் மாறாமல் நிற்கும் கருஊதாத் திட்டு, தேங்கிய இரத்தம். அன்றே மேலடுக்கில் சிறு கீறலிட்டு வெளியேற்றுங்கள். தெளிந்த நீர்க் குமிழியை ஊசியால் குத்தி வடித்தால் போதும். கலங்கிய மஞ்சளோ பச்சையோ நாற்றத்தோடு தெரிந்து, சுற்றுத்தோல் சிவந்து சூடாகவும் இருந்தால் அது தொற்று. அந்தப் பகுதியின் மேலடுக்கை மட்டும் வெட்டித் திறந்து, கழுவி, கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) எடுத்து, தினமும் கட்டு மாற்றுங்கள். பாலியுரிதேன் நுரையைப் பெரும்பாலும் இப்படிக் காப்பாற்றிவிடலாம். கொலாஜனைக் கிருமியின் நொதிகள் கரைத்துவிடுவதால் அங்கே ஒரு நாள் தாமதம்கூட ஒரு கையகலத்தை இழக்கச் செய்யும். இதே காரணத்துக்காக, செத்த திசுவைக் கரைக்கும் கொலாஜனேஸ் களிம்பைச் சாரத்தின் அருகே கொண்டுவரக் கூடாது. ஹைட்ரஜன் பெராக்சைடும் வேண்டாம். தொட்டியில் அமிழ்த்திக் கழுவவும் கூடாது.

வீட்டுக்கு அனுப்பிய நோயாளியின் தொல்லைகளைப் பாடநூல் சொல்லாது. காலில் சாரம் வைத்தவர் ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்து, திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் குழிகளில் குலுங்கி வருவதைவிட, விம்கோ நகரிலிருந்து மெட்ரோவில் காலை நீட்டி உட்கார்ந்து வருவது நல்லது. கட்டு மாற்றும் நாளைச் சொல்லும்போதே வரும் வழியையும் கேளுங்கள். கட்டின் மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டிக் குளிப்பதால் உள்ளே வியர்வை ஊறிப்போகும். உடம்பைத் துடைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மழைக்காலம் தனிக் கணக்கு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பாதத்தில் சாரம் வைக்க நேர்ந்தால், வீடு தரைத்தளமா, தெருவில் தண்ணீர் நிற்குமா என்று முதல் நாளே கேட்பேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வீடுகளுக்குள் புகுந்தது. அப்படிப்பட்ட நீரில் நனைந்த கட்டுக்கு எந்த மருந்தும் ஈடு செய்யாது. மாடியுள்ள உறவினர் வீட்டில் மூன்று வாரம் தங்கச் சொல்வதும் சிகிச்சையின் பகுதிதான்.

9. மேலடுக்கை உரித்து ஒட்டுத்தோல் வைத்தல்

மூன்று கேள்விகளுக்கும் ஆம் என்ற விடை வேண்டும்: எழுத்தில் விளிம்பு அறிக்கை வந்துவிட்டதா, நிறம் தயாரா, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா?

மேலடுக்கை ஒரு மூலையிலிருந்து உரியுங்கள். நாட்பட்ட ஸ்டிக்கர் போல எளிதாக வந்தால் அடியில் உள்தோல் தயார். இழுக்க இழுக்கச் சாரமும் சேர்ந்து கிழிந்து வந்தால், நிறுத்தி மூடிவிட்டு ஒரு வாரம் கழித்து வாருங்கள். அறுவை அரங்கு கிடைத்துவிட்டதே என்று தொடர்ந்தால் ஒட்டுத்தோல் வெறும் பஞ்சின் மேல் உட்காரும். உரித்த பரப்பை ஈரத் துணியால் மெல்லத் தேய்த்து, ஊசிமுனை போல இரத்தம் கசிவதைப் பாருங்கள். மிஞ்சிய பின்களை எண்ணிச் சரிபாருங்கள்.

உள்தோல் ஏற்கெனவே இருப்பதால் ஒட்டுத்தோல் மெலிதாக இருந்தால் போதும்: 0.15 முதல் 0.2 மி.மீ. தடிமன். தொடையிலிருந்து அவ்வளவு மெலிதாக எடுத்தால் எடுத்த இடமும் சீக்கிரம் ஆறும். கையால் தோல் சீவும் ஹம்பி கத்தியில் கை பழகாதவர், சீரான தடிமனில் சீவும் டெர்மடோம் கருவியையே பயன்படுத்தட்டும். காலில் மெலனோமா இருந்தவருக்கு மறு காலிலிருந்து எடுங்கள். கட்டி இருந்த காலில், நிணநீர் ஓடும் வழியில் புதுப் புண் உண்டாக்கக் கூடாது. முகத்துக்கும் புறங்கைக்கும் வலைபோல் விரிக்காத முழுத் தாளாக வையுங்கள், ஏனெனில் வலைத்தடம் வாழ்நாள் முழுவதும் தெரியும்.

ஐந்து முதல் ஏழு நாட்களுக்குள் முதல் கட்டைத் திறக்கலாம். சாரத்தின் மேல் வைத்த ஒட்டுத்தோல் தசையின் மேல் வைத்ததைவிட மெதுவாகச் சிவக்கும். வெளிறித் தெரிந்தவுடன் பிடிக்கவில்லை என்று தீர்ப்பு எழுதிவிடாமல் இன்னும் சில நாள் பொறுங்கள்.

மிகச் சிறிய புண்ணில், குறிப்பாக முதியவரின் தலையில், மேலடுக்கை உரித்தபின் ஒட்டுத்தோல் வைக்காமலே ஓரங்களிலிருந்து தோல் படர விடுவதும் உண்டு. அதற்கு மேலும் பல வாரங்கள் ஆகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

10. ஒட்டிய பிறகு

கதிர்வீச்சு தேவையென்றால் ஒட்டுத்தோல் முழுவதும் மூடி, ஈரம் கசிவது நின்றபின்தான் தொடங்க வேண்டும். கதிர்வீச்சு மருத்துவருக்கு நாம் இரண்டு கட்டமாகச் செய்கிறோம் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்திருந்தால் அவர் தன் அட்டவணையை அதற்கேற்ப அமைத்துக்கொள்வார்.

புதுத் தோலில் வியர்வைச் சுரப்பியும் எண்ணெய்ச் சுரப்பியும் முடியும் இருக்காது. எனவே தினமும் தேங்காய் எண்ணெயோ வாசமில்லாத கிரீமோ தடவி நீவ வேண்டும், வெயில் படாமல் மூட வேண்டும். தொடுவுணர்வு குறைவாக இருக்கும் என்பதையும் தொழிலோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள்: காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்குபவருக்குக் குளிர் உறைக்காது, ஹோட்டல் அடுப்படியில் நிற்பவருக்குச் சூடு உறைக்காது. இருவருக்கும் கையுறை எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள்.

முதல் இரண்டு ஆண்டுகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒட்டிய இடத்தையும், அந்தப் பக்கத்து அக்குள், தொடையிடுக்கு, கழுத்து நிணநீர்க் கணுக்களையும் தடவிப் பாருங்கள். சாரத்தின் மேல் வளர்ந்த தோல் மெலிதாக இருப்பதால் அடியில் புதிதாக ஏதும் முளைத்தால் கைக்குச் சீக்கிரம் தட்டுப்படும். தடித்த ஃபிளாப்பின் அடியில் அது மாதக்கணக்கில் மறைந்து கிடக்கும். ஒவ்வொரு வருகையிலும் ஒரே தூரத்தில், அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுத்துக் கோப்பில் சேருங்கள். புதிதாக ஒரு முடிச்சோ ஆறாத சிறு புண்ணோ தெரிந்தால் களிம்பு தடவிப் பார்க்கலாம் என்று நாள் தள்ளாமல் அன்றே பயாப்ஸி எடுத்து அனுப்புங்கள்.